கார்பன் வரியும் காடழிப்பு விதியும் சரக்கை மறித்தால்: வேலூர், ராணிப்பேட்டை ஏற்றுமதியாளருக்கு வர்த்தகச் சட்டக் கையேடு

ஐரோப்பாவில் வாங்குபவரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. ராணிப்பேட்டையில் ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு வளையம்) செய்யும் பட்டறையைக் கேட்பது: "ஒரு டன் சரக்குக்கு எத்தனை டன் கரியமில வாயு வெளியானது? சரிபார்த்த கணக்கு வேண்டும்." பேரணாம்பட்டில் தோல் பதனிடுபவரைக் கேட்பது: "மாடு வளர்ந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும்." இரண்டும் காலநிலையின் பெயரால் வரும் கேள்விகள். இதற்கு உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாமே என்று சங்கக் கூட்டங்களில் பேச்சு அடிபடுகிறது. போடலாம். ஆனால் அங்கே வழக்காட அரசுக்கு மட்டுமே உரிமை; தனி நிறுவனத்துக்கோ சங்கத்துக்கோ இல்லை. டெல்லி எடுத்துக்கொண்டு போகத்தக்க கோப்பு ஒன்றைத் தயார் செய்வதுதான் நம் பக்க வேலை. பெரும்பாலான மனுக்கள் அந்த இடத்திலேயே படுத்துவிடுகின்றன. அதனால் இந்தக் கையேட்டில் பெரும்பகுதி கோப்பைப் பற்றியது.

கேட்பது சட்டமா, வாங்குபவரா?

முதலில் இதைப் பிரித்துவிடுங்கள். உலக வர்த்தகச் சட்டம் அரசின் நடவடிக்கையைத்தான் கேள்வி கேட்கும். ஒரு ஷூ பிராண்டு தன் சொந்தக் கொள்கைக்காகச் சான்றிதழ் கேட்டால் அது வியாபார நிபந்தனை. வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் அதற்கு இடமில்லை, விலை பேசும்போதுதான் இடம். காடழித்த நிலத்திலிருந்து வந்த சரக்கை ஐரோப்பாவில் விற்கவிடாத காடழிப்பு விதியின் (2023ஆம் ஆண்டு, எண் 1115) பட்டியலில் மாட்டுத்தோலுக்கு 4101, 4104, 4107 என்ற எச்.எஸ். தலைப்புகள் (உலகப் பொதுவான சுங்க வகைப்பாட்டு எண்கள்) உண்டு. 64ஆம் அத்தியாயமான காலணி இல்லை. ஆம்பூரிலிருந்து ஷூ அனுப்புபவரிடம் மாட்டின் இருப்பிடம் கேட்டால் அது பிராண்டின் ஆசை, சட்டத்தின் கட்டளை அல்ல. "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள்?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வையுங்கள். பிரிவு எண் வந்தால் கோப்பின் முதல் தாள் அதுதான். வராவிட்டால் இது வேறு கணக்கு.

எச்.எஸ். எண்ணில் பாதி வழக்கு முடிந்துவிடும்

ஷிப்பிங் பில்லில் பழக்கத்துக்குப் போடும் எண்ணை நம்பி உட்காராதீர்கள். காடழிப்பு விதி "மாடு" என்று சுட்டும் உயிர்விலங்குத் தலைப்புகள் 0102 21, 0102 29. எருமையின் தலைப்புகளான 0102 31, 0102 39 அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பதனிட்ட தோலாக மாறிவிட்டால் மாடும் எருமையும் ஒரே 4104, 4107க்குள் போய் விழுகின்றன. நம் பகுதியில் இரண்டும் ஒரே டிரம்மில் ஓடுவது சகஜம். இன்வாய்ஸில் வெறும் "போவைன்" (மாட்டினம்) என்று எழுதினால் எருமைத்தோலையும் நீங்களே விதிக்குள் தள்ளிவிடுகிறீர்கள். லாட்டைப் பிரித்து ஓட்டி, இனத்தை எழுதி அனுப்புங்கள். ஆட்டுத்தோல், செம்மறித்தோல் விதிக்கு வெளியே. இந்த விதியின் அமலாக்க நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. 2025 டிசம்பர் திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. பட்டியலும் தேதியும் மாறிக்கொண்டிருக்கும் சட்டம் இது. திருத்தங்கள் சேர்ந்த இன்றைய பதிப்பை இறக்கி, இறக்கிய தேதியை மேலே எழுதிக் கோப்பில் வையுங்கள்.

எஞ்சினியரிங் சரக்குக்கு வருவது கார்பன் எல்லைச் சரிக்கட்டு, சுருக்கமாக 'சிபாம்' (2023ஆம் ஆண்டு, எண் 956): சரக்கைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய இறக்குமதியாளரைக் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கவைக்கும் விதி. இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இதில் அடங்கும். இரும்புப் பொருள்களில் 7307 (குழாய் இணைப்பு, ஃபிளாஞ்ச்), 7318 (போல்ட், நட்டு, ஸ்குரூ), 7326 ஆகியவை முதல் பட்டியலிலேயே உண்டு. வார்ப்புப் பொருள்களின் 7325 அதில் இல்லை. பட்டியலை விரிக்கும் முன்மொழிவு நடப்பதால் வார்ப்படக்காரர் தூங்கிவிடக் கூடாது.

ஆண்டுக்கு 50 டன் வரை விலக்கு என்று கேள்விப்பட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்த 50 டன் இறக்குமதியாளருடைய மொத்தக் கணக்கு. நீங்கள் அனுப்புவது 8 டன்தான் என்றாலும் அவர் பல நாடுகளிலிருந்து 300 டன் வாங்குகிறார் என்றால் உங்கள் 8 டன்னும் உள்ளேதான்.

சேதம் எவ்வளவு என்று ரூபாயில் சொல்லுங்கள்

"தொழில் அழிந்துவிடும்" என்ற வாக்கியத்தால் எந்த அதிகாரியும் அசைய மாட்டார். டன்னுக்கு எத்தனை யூரோ என்று காட்டுங்கள். சிபாமின் கட்டணக் கட்டம் 2026 ஜனவரி 1இல் தொடங்கியது. அந்த ஆண்டுக்கான விகிதம் 2.5 சதவீதம். இதை "உமிழ்வில் 2.5 சதவீதத்துக்குத்தான் காசு" என்று படிப்பது பரவலான தவறு. விலக்கு கிடைப்பது அந்தப் பொருளுக்கு ஐரோப்பா நிர்ணயித்த அளவுகோல் உமிழ்வில் 97.5 சதவீதத்துக்கு. அதற்கு மேல் உள்ள முழு உமிழ்வுக்கும் காசு.

எடுத்துக்காட்டுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். சரக்கின் உமிழ்வு டன்னுக்கு 2.8 டன், அளவுகோல் 1.4 டன், கார்பன் விலை 75 யூரோ. 1.4இல் 97.5 சதவீதம் 1.365. மிச்சம் 1.435. டன்னுக்கு 107.63 யூரோ, 120 டன்னுக்கு 12,915 யூரோ. இனி உங்களிடம் சரிபார்த்த கணக்கு இல்லை, அதற்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியம் தரும் இயல்பு மதிப்பும் அதே 2.8 என்று வையுங்கள். அதன்மேல் 2026க்கு 10 சதவீதம் கூட்டுவார்கள், 3.08 ஆகும். மற்றவை மாறாவிட்டால் 15,435 யூரோ. கணக்கு வைக்காததற்கான தண்டம் மட்டும் 2,520 யூரோ. இந்தக் கூட்டல் 2027இல் 20, அடுத்த ஆண்டிலிருந்து 30 சதவீதம். இந்த மூன்று வரி அட்டவணை கோப்பில் இருந்தால் போதும், பத்துப் பக்கப் புலம்பல் வேண்டாம்.

ஃபிளாஞ்சுக்கான உமிழ்வில் பெரும்பங்கு உங்கள் உலையில் இல்லை, பில்லெட் (உருக்குக் கட்டி) தந்த உருக்காலையில் இருக்கிறது. அவர்களிடம் ஹீட் எண் (ஒரே தடவை உருக்கிய தொகுதியின் எண்) வாரியாக உமிழ்வுத் தரவை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மறுப்பும் சான்றுதான்.

வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது

உலக வர்த்தக அமைப்பின் சரக்கு வர்த்தக ஒப்பந்தமான காட் ஒப்பந்தத்தில் நாம் தட்டும் பிரிவுகள் மூன்று. 1ஆம் பிரிவு, நாட்டுக்கு நாடு பாகுபாடு கூடாது என்பது. 3ஆம் பிரிவு, உள்ளே நுழைந்த அயல்நாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கைவிடக் கீழாக நடத்தக் கூடாது என்பது. 11ஆம் பிரிவு, தீர்வை தவிர்த்த இறக்குமதித் தடைகளைத் தடுப்பது. இவற்றில் ஏதோ ஒன்று மீறப்பட்டதாகக் காட்டுவது பெரும்பாலும் கடினமில்லை. உடனே எதிர்த்தரப்பு 20ஆம் பிரிவைத் தூக்கும்: உயிர், உடல்நலம் காக்கத் தேவையானவை (ஆ உட்பிரிவு), தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைக் காப்பவை (எ உட்பிரிவு) விலக்குப் பெறும். காலநிலை நோக்கம் இவற்றில் இடம்பெறாது என்று வாதாடுவது வீண். 1996இல் அமெரிக்கப் பெட்ரோல் வழக்கிலேயே தூய காற்றைத் தீர்ந்துபோகும் வளமாக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு ஏற்றுக்கொண்டது.

வழக்கின் உயிர் இருப்பது 20ஆம் பிரிவின் முகவுரையில். விலக்குப் பெற்ற நடவடிக்கையைக்கூட, ஒரே நிலைமை உள்ள நாடுகளுக்கிடையே தன்னிச்சையான, நியாயமற்ற பாகுபாடாகவோ வர்த்தகத்துக்கு வேடமிட்ட தடையாகவோ செயல்படுத்தக் கூடாது என்கிறது அது. 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு 5ஆம் கோட்பாடும் இதே சொற்களைத்தான் பேசுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பெட்ரோல் வழக்கில் வெனிசுவேலாவும் பிரேசிலும் ஜெயித்தது எதனால்? பெட்ரோலின் தூய்மைக்கு அமெரிக்கச் சுத்திகரிப்பாளர் தன் சொந்தத் தரவைக் கொண்டு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம், அயல்நாட்டவருக்கு மட்டும் சட்டம் போட்ட பொது அளவுகோல் என்றிருந்தது. வெளிநாட்டுத் தரவைச் சரிபார்ப்பது கடினம் என்றது அமெரிக்கா. அந்த நாட்டு அரசுகளோடு பேசிப் பார்த்தீர்களா என்று மேல்முறையீட்டு அமைப்பு திருப்பிக் கேட்டது. இன்றைய இயல்பு மதிப்பும் அதன் கூடுதல் சதவீதமும் இதற்குத் தூரத்து உறவு. தூரத்து உறவுதான், ஏனென்றால் சரிபார்த்த சொந்தத் தரவைத் தர ஒன்றியம் வழி வைத்திருக்கிறது. அந்த வழி காகிதத்தில் மட்டும்தான் திறந்திருக்கிறது என்று காட்டினால்தான் வாதம் நிற்கும்.

கடலாமையைக் காக்காமல் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா போட்ட தடையை எதிர்த்த 1998 இறால் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கம். வழக்காடியவற்றுள் இந்தியாவும் ஒன்று, கூடவே மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து. கடலாமையைக் காக்கும் நோக்கத்தில் தவறு காணவில்லை. கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம், நமக்கு நான்கு மாதம். அவர்களோடு பேச்சுவார்த்தை, நம்மோடு இல்லை. அமெரிக்கா தன் திட்டத்தையே அப்படியே பின்பற்றச் சொன்னது. இங்கேதான் அமெரிக்கா தோற்றது. பிறகு "அதே அளவு பயன் தரும் வேறு திட்டமும் போதும்" என்று விதியைத் திருத்தியதும் 2001இல் மலேசியாவின் எதிர்ப்பு தள்ளுபடியானது. ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்து மலேசியா போட்ட பாமாயில் வழக்கில் 2024இல் வந்த தீர்ப்பிலும் இதே கோடு தெரிகிறது: ஒன்றியத்தின் காலநிலை நோக்கம் நின்றது, தரவை உரிய காலத்தில் மறுஆய்வு செய்யாததும் குறைந்த ஆபத்துச் சான்றளிப்பில் இருந்த ஓட்டைகளும் பிடிபட்டன.

ஆகவே மனுவில் "சுற்றுச்சூழல் என்பது வெறும் சாக்கு" என்று எழுதாதீர்கள். வேலூர்க்காரர் எழுதினால் கூடுதல் ஆபத்து. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே செலவேற்கும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்சநீதிமன்றம் சொன்னதே பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றிய 1996 வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுத்தான் வருவார். அந்தத் தீர்ப்பை நாமே முதலில் எடுத்து வைப்பது நல்லது: உள்நாட்டில் கடும் விதி உண்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செலவழித்திருக்கிறோம், நோக்கத்தில் சண்டையில்லை, முறையில்தான் சண்டை. ஆனால் இதற்கு நிலையத்தின் பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்தியையே எடுத்துவிடுங்கள்.

நாம் தோற்ற வழக்கிலும் பாடம் உண்டு. சூரியத் தகட்டில் உள்நாட்டுச் சரக்கைக் கட்டாயமாக்கிய இந்திய விதி 2016இல் அமெரிக்கா தொடுத்த வழக்கில் விழுந்தது. காலநிலை உடன்படிக்கைகளைக் கேடயமாகப் பிடித்தோம்; நம் உள்நாட்டுச் சட்டமாக நேரடியாகச் செயல்படாத உடன்படிக்கை, சட்டத்தை நிறைவேற்றத் தேவையானவற்றுக்கு விலக்குத் தரும் 20ஆம் பிரிவின் ஈ உட்பிரிவுக்குப் போதாது என்றார்கள். "பாரிஸ் ஒப்பந்தம் வேறுபட்ட பொறுப்பு என்கிறது" என்று மட்டும் எழுதிய மனு இதே பள்ளத்தில் விழும். துணைக்கு வையுங்கள், தூணாக வைக்காதீர்கள்.

டி.பி.டி. எனப்படும் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் 2.1, 2.2 பிரிவுகளையும் மாற்று வாதமாகச் சேருங்கள். தனியாக அதையே நம்ப வேண்டாம். பொருளின் தன்மையை வரையறுக்காத விதி அந்த ஒப்பந்தத்துக்குள் வராமல் போகலாம் என்பதற்கு 2014 சீல் தோல் வழக்கு சாட்சி.

கோப்பில் என்ன வைப்பது

தோலுக்கு: மண்டிச் சீட்டிலிருந்து ஷிப்பிங் பில் வரை ஒரு லாட்டின் முழுப் பாதை. சிறு வீடுகளில் ஓரிரண்டாக வளர்ந்த மாடு, தரகர், உப்பிட்ட தோல், சென்னைப் பெரியமேடு போன்ற மண்டி, டேனரி என்று எந்தக் கண்ணியில் தகவல் அறுகிறது என்று படமாகவே போடுங்கள். மாட்டின் காதில் 12 இலக்க எண் இருந்தாலும் தோல் உரிக்கும்போது அது தோலோடு வருவதில்லை. ஒன்றியமே 2025இல் இந்தியாவைக் குறைந்த ஆபத்துப் பட்டியலில் வைத்தது. ஆய்வு விகிதம் அங்கே 1 சதவீதம், இடைநிலைக்கு 3, உயர் ஆபத்துக்கு 9. ஆனால் குறைந்த ஆபத்து நாடாக இருந்தாலும் இருப்பிடத் தரவு கொடுத்தே ஆக வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலமில்லை என்று வேறு வழியில் காட்ட முடிந்தும் இதே படிவத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது இறால் வழக்கின் வாதம். அதற்கு மாவட்ட அளவில் வேறு சான்றுமுறை ஒன்றை நாமே வரைந்து இணைக்க வேண்டும். மாற்று வழி காட்டாத புகார் பாதிப் புகார். பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வெட் புளூ (முதல் கட்டம் மட்டும் பதனிட்ட ஈரத்தோல்) வாங்கி முடிப்பவர் அந்த லாட்டுகளைத் தனிக் கோப்பில் வைக்கவும். அதற்கான தரவு அங்கிருந்து வர வேண்டும், நம் வாதம் அதற்குப் பொருந்தாது.

இரும்புச் சரக்குக்கு: மின்கட்டண ரசீது, எரிபொருள் ரசீது, உருக்காலைக் கடிதம், எச்.எஸ். எண் வாரியாகக் கடந்த மூன்று ஆண்டு ஏற்றுமதி, கணக்குத் தாள். முக்கியமாக, சரிபார்ப்பாளர்களிடம் விலைப்புள்ளி கேட்டதன் பதிவு. எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை நாளில் பதில், பயணச் செலவோடு எவ்வளவு, அது சரக்கு மதிப்பில் எத்தனை சதவீதம். வழி காகிதத்தில் மட்டும் திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ரகசியத் தரவுக்குத் தனி உறை போடுங்கள். பொதுப் பிரதியில் எண்களை மறைத்துச் சுருக்கம் தாருங்கள். வாங்குபவருக்கே உற்பத்திக் கணக்கைக் காட்ட விரும்பாதவர் சிபாம் பதிவகத்தில் நேராகப் பதிந்து தரவேற்றலாம்.

ஒரே நிறுவனத்தின் கடிதத்துக்குப் பலமில்லை. ஒரே எச்.எஸ். எண்ணில் பத்துப் பதினைந்து யூனிட்டுகள் ஒரே படிவத்தில் கொடுத்தால் அது தொழிலின் குரலாகிவிடும்.

எந்தக் கதவு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியார் மனு கொடுத்து அரசை விசாரிக்க வைக்கச் சட்ட நடைமுறை உண்டு. இங்கே அப்படி இல்லை, கடிதமும் விடாப்பிடியும்தான். தோலுக்குச் சென்னையில் உள்ள தோல் ஏற்றுமதிக் கழகம், எஞ்சினியரிங்குக்கு ஈ.ஈ.பி.சி. எனப்படும் எஞ்சினியரிங் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் வழியாக மத்திய வணிகத் துறைக்குப் போங்கள். நகல் மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஏற்றுமதிக் குழுவுக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் மூன்று குழுவிலும் ஒரே தாளைப் பதிவு செய்யுங்கள். வணிகத் துறைக்குச் சட்ட ஆலோசனை தரும் வர்த்தக, முதலீட்டுச் சட்ட மையத்துக்குப் போய்ச் சேரும்படி சட்டக் குறிப்பைத் தனி இணைப்பாக வையுங்கள்; நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

புது விதி வரைவாக இருக்கும்போதே பிடிப்பது மலிவு. இ-பிங் என்ற இலவச அறிவிப்புத் தளத்தில் உங்கள் எச்.எஸ். எண்ணைப் பதிந்தால் வரைவு வந்ததும் மின்னஞ்சல் வரும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள். இந்தியாவின் டி.பி.டி. விசாரணை முனையமான இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு முதல் இருபது நாளுக்குள் எழுதினால்தான் டெல்லி சுற்றி ஜெனீவா போய்ச்சேரும். டி.பி.டி. குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. அங்கே "குறிப்பிட்ட வர்த்தகக் கவலை" என்று இந்தியா எழுப்புவது வழக்குக்கு முந்திய படி. பல சிக்கல்கள் இங்கேயே தளர்ந்துவிடுகின்றன.

வழக்குக்குப் போனால்

இந்தியா கலந்தாலோசனை கோரினால் எதிர்த்தரப்பு 10 நாளில் பதில் சொல்ல வேண்டும், 30 நாளில் பேச்சைத் தொடங்க வேண்டும். 60 நாளில் தீராவிட்டால் நடுவர் குழு கேட்கலாம். வர்த்தக அமைப்பின் தகராறு தீர்வுக் குழுவின் முதல் கூட்டத்தில் எதிர்த்தரப்பு ஒருமுறை தடுக்கும், அடுத்த கூட்டத்தில் அமைந்துவிடும். அறிக்கைக்கு ஆறு மாதம் என்பது ஏட்டுக் கணக்கு. ஓராண்டுக்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள். ஜெயித்தால் விதியைத் திருத்த நியாயமான காலம், பொதுவாக 15 மாதத்துக்கு மிகாமல். அதுவரை கட்டிய பணம் திரும்பாது. நட்டஈடும் ஏற்றுமதியாளர் கைக்கு வராது. தீர்வு முன்னோக்கியது மட்டுமே.

சொந்த வழக்கைவிட மலிவான வழி மூன்றாம் தரப்பாகச் சேருவது. சிபாமை எதிர்த்து ரஷ்யா 2025 மேயில் கலந்தாலோசனை கோரியது. இப்படி ஒரு வழக்கு நடுவர் குழு அளவுக்குப் போகும்போது இந்தியா பத்து நாளுக்குள் விருப்பம் தெரிவித்துவிட்டால் தன் வாதத்தை எழுத்தில் வைக்கலாம். பத்து நாளில் கோப்பு தயாரிக்க முடியாது. முன்பே டெல்லியில் இருந்தால்தான் உதவும்.

பெரிய ஓட்டை மேல்முறையீட்டில். புது உறுப்பினர் நியமனம் தடைபட்டதால் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு முடங்கிக் கிடக்கிறது. தோற்றவர் அங்கே மேல்முறையீடு செய்துவிட்டால் தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும். ஒன்றியமும் வேறு பல நாடுகளும் சேர்ந்து அமைத்த இடைக்கால நடுவர் ஏற்பாட்டில் இந்தியா இல்லை. அதனால் கோப்பில் ஒரு வேண்டுகோளைச் சேருங்கள்: தகராறு தீர்வு உடன்பாட்டின் 25ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பை ஏற்கும் உடன்பாட்டை இந்தியா வழக்கின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். தீர்ப்பு வந்தபின் கேட்டால் தோற்றவர் ஒப்ப மாட்டார். சூரியத் தகடு வழக்கும் அதற்குப் பதிலாக அமெரிக்காவின் மேல் இந்தியா போட்ட வழக்கும் கடைசியில் 2023இல் இரு அரசுகளின் பேச்சில்தான் முடிந்தன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாங்குபவரை வைத்து வழக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வர்த்தக அமைப்பின் ஒப்பந்தங்களைத் தனியார் அங்கே நேராக ஆதாரமாகப் பிடிக்க முடியாது என்று அந்த நீதிமன்றம் 1999லிருந்து சொல்லிவருகிறது. விகிதாசாரம் போன்ற ஒன்றியச் சட்டத்தின் சொந்த அடிப்படைகளில் மட்டும் முயலலாம். செலவு வாங்குபவருடையது என்றால் மட்டும்.

ஜெனீவா நடப்பதற்குள் சரக்கு போய்க்கொண்டிருக்கும். அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள்: கார்பன் சான்றிதழ்ச் செலவு யாருடையது, இயல்பு மதிப்புக்கும் சரிபார்த்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் யார் தவறினால் யார் தலையில், விதி திருத்தப்பட்டோ ரத்தாகியோ கட்டணம் குறைந்தால் அந்த மிச்சம் எத்தனை சதவீதம் விற்பவருக்கு, எத்தனை நாளில். 2026 சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கி, கணக்கை 2027 செப்டம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், பழைய இன்வாய்ஸுக்கு ஒன்றரை ஆண்டு கழித்துப் பணம் கேட்டுப் பற்றுச்சீட்டு (டெபிட் நோட்) வரக்கூடும். அப்படி வருவதற்குக் கடைசித் தேதி ஒன்றையும் எழுதிவிடுங்கள்.